இடையில் ஒரு ஆள்

ஜூலை 2, புதன்

புது வீடு. சுந்தராபுரத்தில் இறங்கி ரைஸ்மில் சந்துக்குள் நடந்தால் கடைசி வாசல். மேற்குக் காற்று புடவையைப் பிடித்து இழுக்கிறது. இந்த முழங்காலை வைத்துக்கொண்டு இன்னும் எத்தனை வீடு ஏறி இறங்குவேனோ, தெரியவில்லை.

படுத்திருப்பவர் ராமாத்தாள். எழுபதைத் தாண்டியவர். வயிற்றில் கட்டி, கல்லீரலுக்கும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் இனி செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கவனித்துக்கொள்பவள் மருமகள் சுகந்தி. முன்னறையில் மிஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறாள். ராமாத்தாளின் ஒரே மகன் தாமோதரன், சுகந்தியின் புருஷன், உயிரோடு இல்லை. படம் மாலையோடு சுவரில் இருக்கிறது.

வழக்கம்போல் என் வேலை என்னவென்று விளக்க வேண்டியிருந்தது. நர்ஸ் இல்லை, ஊசி போட மாட்டேன். ஆயா இல்லை, ஆனால் துடைத்துவிடத் தயங்க மாட்டேன். போகப் போகிறவருக்கும் அவர் வீட்டாருக்கும் கூட இருப்பேன், எது எப்போது வரும் என்று சொல்வேன், பயந்தால் கையைப் பிடித்துக்கொள்வேன். எங்கள் அமைப்பில் இதற்குத் ‘துணையாளர்’ என்று பெயர். எங்கள் தெருவில் வேறு பெயர் வைத்திருக்கிறார்கள், அதை எழுதப் போவதில்லை.

ராமாத்தாள் முழுதாகக் கேட்டுவிட்டு, “செரி அம்மிணி, அந்தத் தலகாணியச் சித்தெ நவுத்துங்க” என்றார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

ஒன்று மட்டும் விசித்திரம். சுகந்தி கஞ்சி எடுத்துக்கொண்டு வந்தாள். கட்டிலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். என்னைப் பார்த்து, “உப்பு செரியா இருக்குதான்னு கேளுங்க்கா” என்றாள். ராமாத்தாளும் என்னைப் பார்த்து, “செரியா இருக்குதுன்னு சொல்லுங்க” என்றார். சொன்னேன். தலை ஆட்டிவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்து மகள் பிரவீணாவுக்குப் போன் செய்தேன். பெங்களூரில் மழையாம். கேஸ் தீரப் போகிறது, புக் பண்ணச் சொல்லி அப்பாவிடம் சொல்லு என்றேன். சற்று நேரத்தில் ஹாலில் அவருடைய போன் அடித்தது. டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, “செரி சாமி, பண்ணிடறேன்” என்றார்.

ஜூலை 4, வெள்ளி

சந்தேகம் தீர்ந்தது. மாமியாருக்கும் மருமகளுக்கும் பேச்சு கிடையாது. கல்யாணமான மறு வருஷத்திலிருந்தே கிடையாது.

காரணம் ஃபிரிட்ஜ். கல்யாணச் சீராக வந்த ஃபிரிட்ஜை, வந்துபோகும் ஒறம்பரை சொந்தங்கள் பார்க்கும்படி ஹாலில் வைக்க வேண்டும் என்றாராம் மாமியார். சமையலறையில் வைத்தால்தான் புழங்க முடியும் என்றாளாம் இவள். தாமோதரன் இரண்டுக்கும் நடுவில், உள்ளே போகிற நிலையை ஒட்டி வைத்துவிட்டான். இன்னமும் அங்கேதான் இருக்கிறது. போகிற வருகிற எல்லோரும் ஒருக்களித்துத்தான் நுழைய வேண்டும்.

“அப்பறம் பேசலாம்னு தோணலியா?” என்று கேட்டேன்.

“அவர் இருந்தாருல்லக்கா. ‘உங்கொம்மாகிட்டச் சொல்லுங்க’ன்னா சொல்லிடுவாரு. அவங்களும் அப்பிடித்தேன். பேசாத மாதிரியே இருக்காது” என்றாள் சுகந்தி.

அவன் போய் மூன்று வருஷம் ஆகிறது. அதன்பிறகு இரண்டு பேரும் இந்த ஒற்றை வீட்டில் எப்படித்தான் இருந்தார்களோ. பார்த்தவரையில், தையல் மிஷின்தான் பேசுகிறது. உள்ளே ராமாத்தாள் இருமினால் வெளியே மிஷின் நிற்கும். இருமல் அடங்கினால் மறுபடி ஓடும். இப்போது நான் வந்திருக்கிறேன். இருவரும் என்னைத் தபால்காரியாக்கிவிட்டார்கள். ஜன்னலைச் சாத்தட்டுமா, மாத்திரை போட்டாச்சா, போர்வை போதுமா என்று நாள் முழுக்க இரண்டு பக்கமும் கொண்டுபோய்க் கொடுத்து வாய் வலிக்கிறது. பெரிய மனுஷிகள் இரண்டு பேர் இப்படியா இருப்பார்கள்!

ஜூலை 5, சனி

என் குக்கரில் வாஷர் போய்விட்டது. பிரவீணா அப்பாவின் குக்கர் பக்கத்திலேயே கழுவிக் கவிழ்த்து இருந்தது, எடுக்க மனமில்லை. சட்டியில் வடித்துச் சாப்பிட்டேன்.

நாள் முழுக்கச் சாவு வீட்டில் இருந்துவிட்டு வருகிறவள் கையால் சாப்பிடக் கூசுகிறது என்று ஒரு தடவை சொன்னார். கூச வேண்டாம் என்று மறுநாளே இன்னொரு குக்கர் வாங்கிவிட்டேன். இரண்டு குக்கர் இருப்பது ஒரு வகையில் வசதிதான்.

ஜூலை 8, செவ்வாய்

ராமாத்தாளுக்கு வயிறு உப்பிக்கொண்டது. எங்கள் அமைப்பின் டாக்டரம்மா போனில் ஒரு மாத்திரை சொன்னார். வயிற்றின் மேல் ஒத்தடம் கொடுக்க, துணியில் கட்டிச் சூடாக்கலாம் என்று கொஞ்சம் ஓமம் கேட்டேன்.

சுகந்தி கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்தாள். “இந்த வீட்டுல ஓமம் வாங்கறதில்லீங்க்கா. அவங்க டப்பாவோட கொண்டுபோய்ச் சாக்கடைல கொட்டிட்டாங்க” என்றாள். பிறகு கல்லுப்பை வறுத்துக் கட்டிக் கொடுத்தாள்.

ஒத்தடம் கொடுக்கும்போது ராமாத்தாளே ஆரம்பித்தார். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு அடியில் சொன்னார்.

“எம் பையனுக்கு அன்னைக்கு நெஞ்சு அடைக்குதுன்னான். வாயுவா இருக்கும்னு நாந்தேன் ஓமத் தண்ணி காய்ச்சினேன். அவ எங்கைல இருந்து வாங்கி அவனுக்குக் குடுத்தா. குடிச்சுப்போட்டுச் சித்தெ படுக்கறேன்னு படுத்தான். அப்பவே ஆட்டோவப் புடிச்சிருந்தா இருந்திருப்பானுங்களோ என்னமோ. அவளுக்குந் தெரியும். வாயத் தொறந்து ஒரு சொல்லுச் சொன்னதில்லை. சொல்லிப்போட்டாக்கூடத் தேவலைங்க.”

“நான் கேட்டுப் பாக்கட்டுமாங்கம்மா?” என்றேன்.

“வேண்டாம். அவகிட்டச் சொல்லீறாதீங்க.”

கிளம்பும்போது சுகந்தி வாசல் வரை வந்தாள். “அத்தை ஏதோ சொல்லிட்டிருந்தாங்களே?” என்றாள். வயிற்று வலியைப் பற்றி என்று சொன்னேன். அவள் நம்பவில்லை.

இப்படியே இந்த அம்மா போய்ச் சேர்ந்துவிட்டால், மகனைக் கொன்றவள் என்று மருமகள் நினைக்கிறாள் என்ற எண்ணத்தோடுதான் போவார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வலிக்கு மாத்திரை இருக்கிறது, இதற்கு என்ன இருக்கிறது?

ஜூலை 9, புதன்

டாக்டரம்மா வந்து பார்த்தார். அதிக நாள் இல்லை என்றார். மாலை அமைப்பில் கூட்டம். ஹேமலதா மேடத்திடம் சொன்னேன். “கோகிலா, அவங்க கேட்டதைச் செய். கேக்காததைச் செய்யாதே. நாம சேத்து வைக்கப் போகல, கூட இருக்கப் போறோம்” என்றார். மேடத்துக்கென்ன, ஏசி அறையில் உட்கார்ந்து சொல்லிவிடுவார். டீ ஆறிப்போயிருந்தது.

ஜூலை 11, வெள்ளி

இன்று நடந்ததை எழுதாமல் இருக்கலாம். எழுதிவிடுகிறேன்.

நான் இருப்பதால்தானே என் வழியாகப் பேசுகிறார்கள், நான் இல்லாவிட்டால் பேசித்தானே ஆக வேண்டும் என்று கணக்குப் போட்டேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பஞ்சு தீர்ந்துவிட்டது என்று சொல்லிக் கிளம்பினேன். பையில் பஞ்சு இருந்தது. விநாயகர் கோயில் மேடையில் போய் உட்கார்ந்துகொண்டேன். காற்று நன்றாக இருந்தது. கண்கூடச் சொருகியது.

திரும்பி வந்தபோது மிஷின் ஓடவில்லை. சுகந்தி உள்ளறை நிலையில் நின்றுகொண்டிருந்தாள். ராமாத்தாள் சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தார். படுக்கை நனைந்திருந்தது. அவருக்குப் பாத்திரம் தேவைப்பட்டிருக்கிறது. கேட்கவில்லை. இவளுக்கும் புரிந்திருக்கிறது. “வேணுமா” என்று கேட்க வாய் வரவில்லை. கேட்காமல் புடவையைத் தொடவும் துணியவில்லை. இரண்டு பேரும் நான் வருவேன் வருவேன் என்று வாசலையே பார்த்திருக்கிறார்கள்.

இருவருமாகச் சேர்ந்துதான் துடைத்து மாற்றினோம். ராமாத்தாள் கண்ணைத் திறக்கவே இல்லை. ஆனால் கண்ணோரம் நனைந்திருந்தது.

“பஞ்சு கெடச்சுதுங்களா?” என்று கேட்டாள் சுகந்தி. ஏளனமாகக் கேட்கவில்லை. அதுதான் இன்னும் மோசம்.

ஜூலை 12, சனி

போகவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டேன். தலைவலி இல்லை.

ஜூலை 14, திங்கள்

ராமாத்தாள் இப்போது என்னிடமும் பேசுவதில்லை. “உப்பு செரியா இருக்குதான்னு அவ கேக்கறா” என்றால் கண்ணை மூடிக்கொள்கிறார். கஞ்சியும் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. தபால் நின்றுவிட்டது.

அவர் காதருகில் போய், “தப்புப் பண்ணிட்டேனுங்கம்மா. இனிமே இந்த ரூமை விட்டு அப்பிடிப் போக மாட்டேன்” என்றேன். கண்ணை மூடியே கிடந்தார். ஆனால் மாலையில் வாயை ஈரத் துணியால் துடைத்தபோது உதட்டைத் திறந்து கொடுத்தார். மன்னிப்பாக இருக்கலாம். வாய் காய்ந்தும் இருக்கலாம்.

சுகந்தி அடிக்கடி மிஷினை நிறுத்திவிட்டு வந்து நிலையில் நிற்கிறாள். என்ன என்றால் ஒன்றுமில்லை என்கிறாள்.

ஜூலை 16, புதன்

இன்று முழுக்கத் தூக்கம். கூப்பிட்டால் புருவம் மட்டும் அசைகிறது. விழுங்கும் சக்தி போய்விட்டது. இனி வாய்க்குள் எதையும் ஊற்றக் கூடாது, பஞ்சை நனைத்து உதட்டில் தடவினால் போதும் என்று சுகந்திக்குக் காட்டிக் கொடுத்தேன். ஒரு தடவையிலேயே பிடித்துக்கொண்டாள்.

வீட்டில் என் குக்கர் மூடியின் மேல் யாரோ புது வாஷர் வாங்கி வைத்திருக்கிறார்கள். பிரவீணாவுக்குப் போன் செய்து, சைஸ் சரியாக இருக்கிறது என்று அப்பாவிடம் சொல்லிவிடு என்றேன். “ஏம்மா, ரெண்டு பேரும் ஒரே வீட்டுலதான இருக்கீங்க?” என்றாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதைச் சொன்னாலும் பொறுமை கிடையாது.

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. தெருவெல்லாம் மைக் செட். அதோடு ஒறம்பரைகளும் வந்து இறங்கினார்கள். ராமாத்தாளின் தம்பி மனைவி பாப்பாத்தி முன்னால் வந்தார், சொம்பில் பாலோடு.

கடைசியாகச் சொந்தபந்தம் எல்லாம் ஆளுக்கு ஒரு கரண்டி பால் ஊற்றுவது வழக்கம்தான். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. “பஞ்சுல நனைச்சு உதட்டுல வைங்க, அதுவும் பால் ஊத்துனதுதான். உள்ள ஊத்துனா மூச்சுக் குழாய்க்குப் போயிடும்” என்றேன்.

“பஞ்சுல நனைச்சு வெக்கறதுக்கு அவங்க என்ன அனாதையா? பொறந்த வீட்டு ஆளு நான் வந்திருக்கேன்” என்றார் பாப்பாத்தி. வெளியே ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருந்தது. தலையணையை உயர்த்த நான் குனிந்த நேரத்தில், கன்னத்தை அழுத்தி ஒரு கரண்டி பாலை உள்ளே விட்டுவிட்டார்.

ராமாத்தாளுக்குப் புரை ஏறியது. முகம் நீலமாகிக் கண் பிதுங்கியது. நான் அவரைப் பக்கவாட்டில் புரட்ட முயன்றேன், கனமாக இருந்தார். பாப்பாத்தி அடுத்த கரண்டியோடு அப்படியே நின்றார்.

“அத்தே!”

அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. சுகந்தி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து அவர் முகவாயைப் பிடித்தாள். “அத்தே, துப்புங்க! முழுங்காதீங்க, துப்புங்க! என்னையப் பாருங்க, துப்புங்கத்தே!”

இருவருமாகப் புரட்டினோம். முதுகில் தட்டினோம். நான் விரலில் துணியைச் சுற்றி வாயை வழித்தேன். பால் வெளியே வந்தது. மூச்சு இழுத்தது, நின்றது, மறுபடி இழுத்தது.

ராமாத்தாள் கண்ணைத் திறந்தார். நாள் கணக்கில் ஒரு சொல் பேசாதவர். முதலில் சுகந்தியைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கண்ணை என் பக்கம் திருப்பினார். உதடு அசைந்தது. காதைக் கொண்டுபோனேன்.

“அவளச்... சத்தம் போடாமப் பேசச் சொல்லுங்க.”

நான் நிமிர்ந்தேன். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, “சத்தம் போடாமப் பேசச் சொல்றாங்க” என்றேன்.

சுகந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதாள். எனக்கும் வந்தது. பிறகு அவள் குனிந்து, என் பக்கம் திரும்பாமல், நேராக, “செரிங்கத்தே” என்றாள்.

ஒறம்பரைகளை அவளே முன்னறைக்கு அனுப்பிவைத்தாள். பாப்பாத்தி ஃபிரிட்ஜில் இடித்துக்கொண்டு போனார். நானும் எழுந்தேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க இருங்க்கா. நான் சொல்றது அவங்களுக்குக் கேக்கலீன்னா நீங்க சொல்லோணும்.”

கட்டிலோரம் உட்கார்ந்தாள். சத்தம் போடாமல்தான் பேசினாள்.

“அத்தே. அன்னைக்கு ஆஸ்பத்திரில டாக்டரு எங்கிட்டச் சொன்னாருங்க. பெரிய அடைப்பாமா. நீங்க காய்ச்சுன தண்ணிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லீன்னாரு. வாசல்லயே ஆஸ்பத்திரி இருந்திருந்தாலும் காப்பாத்திருக்க முடியாதுன்னாரு. நீங்க ஒண்ணும் பண்ணலீங்கத்தே. நானும் ஒண்ணும் பண்ணல.”

ராமாத்தாளின் கண் மூடியிருந்தது. தொண்டை ஒரு தரம் ஏறி இறங்கியது. அவர் கேட்டதனாலா, மிச்சமிருந்த பாலினாலா, எனக்குத் தெரியாது. காது கடைசி வரைக்கும் கேட்கும் என்று எல்லா வீட்டிலும் சொல்கிறேன். இன்றுதான் அது உண்மையாக இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன்.

ஜூலை 19, சனி

சுகந்தி பேசிக்கொண்டே இருக்கிறாள். “ஜன்னலைச் சாத்தறேனுங்கத்தே.” “மாவாட்டல, இன்னைக்கு உப்புமாதான்.” “அந்தப் பச்சை பிளவுஸுக்காரி இன்னும் வாங்கிட்டுப் போகலீங்க.” பதில் வராதது அவளுக்கு ஒரு குறையாகத் தெரியவில்லை. எனக்கு வேலை இல்லை. முன்னறையில் உட்கார்ந்து பிளவுஸுக்கு ஊக்குக் கட்டிக் கொடுத்தேன்.

மதியம் கேட்டேன். “டாக்டர் சொன்னத இத்தனை நாளா ஏன் சொல்லாம இருந்தே?”

“யார்கிட்டச் சொல்லி அனுப்பறதுங்க்கா? எல்லாத்தையும் அவருதான அவங்ககிட்டச் சொல்லுவாரு. அன்னைக்கு அவருதான இல்லை” என்றாள்.

அடுத்த ஊக்கை எடுத்துக்கொண்டேன்.

பிறகு அவளே சொன்னாள். “நீங்க வந்தப்பறம், உங்க வாயால சொல்லிடலாம்னு நெனச்சேன். ஒரு வாரமா மனசத் தேத்தி, போன வெள்ளிக்கெழமை மிஷின நிறுத்திப்போட்டு வந்தேன். நீங்க இல்லீங்க. பஞ்சு வாங்கப் போயிட்டீங்க.”

நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். என் மேல் கோபம் ஏதும் இல்லை. நான் ஊக்கை எந்தப் பக்கம் வைத்துக் கட்டுகிறேன் என்றே தெரியாமல் கட்டி, இரண்டைப் பிரிக்க வேண்டியதாயிற்று.

ஜூலை 20, ஞாயிறு

ராமாத்தாள் நடுப்பகலில் போய்விட்டார். மூச்சுக்கும் மூச்சுக்கும் இடைவெளி நீண்டுகொண்டே போய், அடுத்தது வரவில்லை. சுகந்தி அப்போது அரிசி விலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த வாக்கியத்தை முடித்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தாள்.

“போயிட்டாங்களாங்க்கா?”

“போயிட்டாங்க.”

“கடைசியா எங்கூடப் பேசினாங்கல்ல?”

“பேசினாங்க” என்றேன். அது பொய் இல்லை.

இருவருமாகக் குளிப்பாட்டினோம். “சீலையத் தூக்கறேனுங்கத்தே” என்று சொல்லிச் சொல்லித்தான் செய்தாள். ஒறம்பரைகள் வந்து சேர்ந்ததும் கிளம்பினேன். அவ்வளவுதான் என் வேலை. நிலையில் ஃபிரிட்ஜை ஒட்டி ஒருக்களித்து வெளியே வந்தேன். பாடை தூக்குகிறவர்கள் என்ன செய்வார்களோ என்ற கவலை வந்தது.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. தூங்கவில்லை.

பின்வாசல் குழாயடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, கொடியில் கிடந்த புடவையை மாற்றிக்கொண்டு உள்ளே வந்தேன். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. சமைக்கக் கை எழவில்லை. சமையலறையில் அவருடைய குக்கர் இரண்டாவது விசில் விட்டது. பருப்பு வாசனை வந்தது.

போனை எடுத்தேன். பிரவீணாவின் பெயரைத் தேடி எடுத்தேன். அப்பாவிடம் சொல்லு என்று அவளிடம் என்ன சொல்லப் போகிறேன் என்று யோசித்தேன். கட்டைவிரல் அந்தப் பெயருக்கு மேலேயே நின்றது. போனை ஈரத் துணியோடு அங்கேயே வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். முதுகு முன்னைவிடக் கூனியிருக்கிறது.

“பசிக்குதுங்க” என்றேன்.

அவர் திரும்பினார். என்னைப் பார்த்தார். பிறகு, நான் யாரிடம் சொல்கிறேன் என்று எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.